முட்டைக்காசு

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நால்வர். சாய்கதிரையில் தலைவர் ஞானசேகரம், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மேசையின் தலைமாட்டில், கூட்டறிக்கைக் கொப்பிக்குப் பின்னால், செயலாளர் பாக்கியரத்தினம். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்து, பிரதம இலிகிதராக ஓய்வுபெற்றவர். யன்னலோரம், வெளிச்சம் முதுகில் விழ, பொருளாளர் ஸைனுலாப்தீன். கிண்ணியாக்காரர், சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணரை அழைக்கும் முறைப்படி எல்லோருக்கும் 'நானா'. வாசலுக்குக் கிட்ட, எழும்பி ஓட வசதியான ஸ்டூலில், மருந்துக்கடை யோகலிங்கம். குசினி வாசல் நிலையில் சாய்ந்தபடி செயலாளரின் மனைவி குணேஸ்வரி நின்றார். அங்கத்தவர் அல்லாதபடியால் அவர் அறிக்கையில் எழுதப்படவில்லை.

வாசிகசாலைக்கு முன்னால் காவலரண் வந்த நாளிலிருந்து, திருகோணமலை நாணயம் சேர்ப்போர் சங்கம் பாக்கியரத்தினத்தின் முன்னறையில்தான் கூடியது. இது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம். கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற பாதைப் படகு ஆறு மணிக்கு நின்றுவிடும் என்பதால் கூட்டங்கள் வழக்கமாக ஐந்துக்கு முடியும். அன்றைக்கு ஐந்து மணிக்குத்தான் சத்தமே தொடங்கியது.

மேசை நடுவில் இரண்டு வெள்ளிக் காசுகள் கிடந்தன. இரண்டும் ஐம்பது சதம். இரண்டிலும் விக்டோரியா மகாராணி. இரண்டும் 1893. ஒன்று பாக்கியரத்தினத்தினுடையது, மற்றது ஸைனுலாப்தீனுடையது.

வெள்ளிக் காசைத் துடைக்காமல் நெடுங்காலம் வைத்திருந்தால் காற்றுப் பட்டு அதற்கு ஒரு நிறம் ஏறும். விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, நடுவில் பொன். ஐம்பது அறுபது வருடம் பொறுத்தவனுக்குத்தான் அது கிடைக்கும். பொறுமை இல்லாதவன் கந்தகத்தாலோ அவித்த முட்டையாலோ இரண்டு நாளில் அந்த நிறத்தை ஏற்றிவிடுவான். சங்கத்தின் அகராதியில் அவனுக்குக் கள்ளன் என்று பெயர். பதினைந்து வருடத்துக்கு முன் பாக்கியரத்தினம் இதைப் பற்றிப் பதினொரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, கூட்டத்தில் வாசித்து, பிறகு வீட்டிலும் இரண்டு முறை வாசித்தார்.

கார்த்திகையில் கொழும்பில் நடக்கும் கண்காட்சிக்கு ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரேயொரு காசு அனுப்பலாம். ஆறு வருடமாகத் திருகோணமலையிலிருந்து போனது பாக்கியரத்தினத்தின் காசு. அவருடைய தகப்பன் துறைமுகத்து நிலக்கரிக் கிட்டங்கியில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்து வைத்த காசு அது. இந்த வருடமும் அதுவே போவதாக அறிக்கையில் முன்கூட்டியே எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"நானா, எடுத்துக் காட்டுங்கோவன்" என்று யோகலிங்கம் காரியத்தைக் கெடுத்தான். "கடை மேசை லாச்சிக்குள்ள நான் கண்டது. வெக்கப்படாதேங்கோ."

ஸைனுலாப்தீன் விருப்பமில்லாமல்தான் சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய அந்தக் காசை எடுத்து வைத்தார். வைத்துவிட்டுக் கையை உடனே இழுத்துக்கொண்டார். பாக்கியரத்தினம் அதைக் கவனித்தார்.

ஞானசேகரம் பூதக்கண்ணாடியை இதன்மேல் வைத்தார், அதன்மேல் வைத்தார், மீண்டும் இதன்மேல் வைத்தார். "குறை நினையாதையும், பாக்கியம். இது உம்மடதிலும் பாக்க வடிவு."

"வடிவோ?"

"நிறம் இறங்கி வாற விதத்தைப் பாரும். நீலத்தில இருந்து பொன்னுக்கு... என்ன சொல்லுறது... பின்னேரக் கடல் மாதிரி."

பாக்கியரத்தினம் குனிந்து பார்த்தார். இந்த நிறத்தை எங்கேயோ கண்டிருக்கிறேன். எங்கே? யோசித்தார். பிறகு பிடிபட்டது. கட்டுரைக்காக அவர் படித்த புத்தகங்களில் போலிக் காசுகளின் வண்ணப் படங்கள் இருந்தன. வேறெங்கே கண்டிருக்கப் போகிறார்? ஏற்கெனவே கண்டது போலிருப்பது போலியின் முதல் அடையாளம் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார்.

"இது எங்க எடுத்தது?"

"ஒரு ஆளிட்ட வாங்கினது, சேர்."

"ஆர் அந்த ஆள்?"

ஸைனுலாப்தீன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார், யன்னலுக்கு வெளியே பார்த்தார். "பேர் சொல்ல ஏலாது, சேர். வாக்குக் குடுத்தனான்."

"வாக்கு!" பாக்கியரத்தினத்தின் கையிலிருந்த பென்சில் இரண்டாக முறிந்தது. "வாங்கின ஆளுக்குப் பேரில்லை. வாங்கின திகதிக்கு இலக்கமில்லை. ஆனா நிறம் மட்டும் வானவில் மாதிரி! இயற்கை நிறமெண்டு அத்தாட்சிப் பத்திரத்தில கையெழுத்து வைக்கிறது ஆர்? நான்! என்ட பேனை! நான் வைக்கமாட்டன்!"

"அண்ணை, மெதுவா. சென்றியில நிக்கிற ஆமிக்குக் கேக்கும்" என்றான் யோகலிங்கம்.

"கேக்கட்டும்! இது அவிச்ச முட்டைக் காசு! இவர் என்னட்டயே கட்டுரை கேட்டுப்போட்டு, என்ட கட்டுரையை வச்சே எனக்குச் சுத்துறார்!"

"இஞ்சாருங்கோ" என்று குணேஸ்வரி குரல் கொடுத்தார். "வீட்டுக்கு வந்த மனுசனைப் பாத்து என்ன கதை இது? விடுங்கோ."

"குணேஸ், இது சங்க அலுவல்."

"சங்கமும் மண்ணாங்கட்டியும். ஒரு சதக்காசுக்கு..."

"ஐம்பது சதம்!"

ஸைனுலாப்தீன் காசைப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பாக்கியரத்தினத்துக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. குற்றமில்லாதவன் என்றால் கத்தியிருக்க வேண்டாமா?

"அடுத்த சனி" என்று விரலை நீட்டினார். "அவிச்ச முட்டையில இதே நிறத்தை இதே மேசையில கொண்டுவந்து வைக்கிறன். அப்ப தெரியும் நிறம் என்ன, நானா என்ன எண்டு."

அன்றைக்கு ஸைனுலாப்தீன் கடைசிப் பாதையைத் தவறவிட்டு, கடைக்குள் சிமெந்து மூட்டைமேல் படுத்தார். இதற்காக அடுத்த கூட்டம் காலை ஒன்பது மணிக்கு என்று ஏகமனதாக முடிவாயிற்று. அன்று ஏகமனதாக முடிவானது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கியரத்தினம் ஆறு முட்டை வாங்கி வந்து, மூன்றைத் தானே அவித்தார். கண்காட்சிக்கு உதவாத 1895ஆம் ஆண்டுக் காசுகள் இரண்டு அவரிடம் இருந்தன. முட்டையை உரித்துச் சூட்டோடு பிசைந்து, பால்மா தகரத்துக்குள் போட்டு, ஒரு காசை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இறுக்கி மூடி, படுக்கையறை அலுமாரிக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமை திறந்தார்.

காசு கரிச்சட்டியின் அடிபோல இருந்தது. மகாராணியின் மூக்குக்கூடத் தெரியவில்லை.

"ஐயோ என்ட சாறிகள்!" குணேஸ்வரி அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "கூறைச்சாறியும் நாறுது! கோயிலுக்கு இனி எதைக் கட்டிக்கொண்டு போறது? பக்கத்து வீட்டுக் கனகம்மாக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, ஆருக்கு வயித்தால போகுது எண்டு கேக்கிறா!"

"ஒரு விஞ்ஞான உண்மைக்கு..."

"உண்மை ஊத்தை மணம் மணக்குமே?"

இதற்குள் மருந்துக்கடையில் கதை பரவிவிட்டது. இருமல் மருந்து வாங்கப் போன பாக்கியரத்தினத்திடம் யோகலிங்கம் மெதுவாகக் கேட்டான். "அண்ணை, கறுத்துப் போச்சாம்? அப்ப முட்டையால அந்த நிறம் வராது எண்டுதானே அர்த்தம்? நானாட காசு அசல்தான் போல."

பாக்கியரத்தினம் இருமல் மருந்தை வாங்காமலே திரும்பி வந்தார். வழி நெடுக இருமிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து மீதி முட்டைகளைக் குசினி மேசையில் வைத்தபோது, குணேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நிப்பாட்டமாட்டீங்களோ?"

"செத்தாலும் நிப்பாட்டன்."

துருவுகிற தேங்காய்ப் பாதி இன்னும் வேகமாக நாலு சுற்றுச் சுற்றியது. "சூட்டோட மூடினா வேர்க்கும். வேர்த்தது பட்ட இடமெல்லாம் கறுக்கும். இந்த மூளை இல்லையே கச்சேரியில முப்பத்திரண்டு வருசம் இருந்த ஆளுக்கு? ஆறவிட்டு வையுங்கோ. நடுவில மெல்லிய சீலைத்துண்டொண்டு விரியுங்கோ. ஒண்டு ஒண்டரை நாளைக்கு மேல வைக்காதேங்கோ. செய்துபோட்டு இந்தக் கண்றாவியை இதோட விடுங்கோ."

"உமக்கு இதென்ன தெரியும்?"

"சட்டி மூடுறவளுக்கு வேர்க்கிறது தெரியாதோ?"

அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் நேரத்தைப் பற்றி மனைவி சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. புத்தகத்தில் நாற்பத்தெட்டு மணித்தியாலம் என்று இருந்தது. வியாழக்கிழமை காலை ஆறின முட்டையும் சீலைத்துண்டும் இரண்டாவது காசுமாகப் பிஸ்கட் தகரம் ஒன்றை நிரப்பினார். மணம் வெளியே வராமல் மூடியைச் சுற்றிக் கறுத்த டேப்பால் ஏழு சுற்றுச் சுற்றினார். அலுமாரி தடைசெய்யப்பட்டுவிட்டதால் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவர் என்பதால், தகரத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் எழுதினார்: "ஆரம்பம் 6.00. முடிவு 6.00. மொத்தம் 48. இடையில் திறக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள்.

அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், வீட்டாட்கள் பெயர்ப்பட்டியலைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள். போகப் புறப்பட்ட நேரம் ஒரு சின்னச் சிப்பாய் குனிந்து கட்டிலுக்குக் கீழே ரோச் வெளிச்சம் அடித்தான். அடித்தவன் அப்படியே பின்பக்கமாக நடந்து முற்றத்துக்கு வந்துவிட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் மிக விரைவாக நடந்தது. ஒழுங்கையில் இருந்த பதினெட்டு வீட்டுச் சனமும் வெயிலில், வீதியில். கனகம்மாக்கா அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்து, பாக்கியரத்தினத்தைப் பார்த்த பார்வையில் சோறு வெந்திருக்கும். ஒரு அதிகாரி தூரத்திலிருந்து கேட்டார்.

"மஹத்தயா, மொகக்த ஏ?" ஐயா, அது என்ன என்று கேட்கிறார்.

பாக்கியரத்தினத்துக்குச் சிங்களத்தில் கடிதத் தலைப்பு எழுதத் தெரியும். கதைக்கத்தான் வராது. "பித்தர" என்றார். முட்டை.

"பித்தர?"

"ஓம். பித்தர."

ஒரு நீண்ட கம்பால் தகரத்தை மெல்ல மெல்ல முற்றத்துக்கு இழுத்தார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒருவர் டேப்பை வெட்டினார். மூடி திறந்தது. வெடித்திருந்தால்கூடச் சனம் அவ்வளவு வேகமாகப் பின்வாங்கியிருக்காது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். முட்டைதான். முட்டைக்கு நடுவில் சீலைத்துண்டு. சீலைத்துண்டின்மேல் ஒரு காசு.

"ஏயி மே?" ஏன் இது?

பாக்கியரத்தினம் தனக்குத் தெரிந்த எல்லாச் சிங்களச் சொற்களையும் ஒன்று திரட்டினார். காசு செய்யவில்லை, காசுக்கு நிறம் மட்டும்தான், அதுவும் கள்ளக்காசைக் கண்டுபிடிக்க என்று சொல்ல நினைத்தார். வாயால் வந்தது நாலு சொல். "காசி. பாட. பித்தர. ஹொர சல்லி."

முதல் மூன்றும் காசு, நிறம், முட்டை; கடைசியாக வந்த சொல்லுக்குக் கள்ளக்காசு என்று அர்த்தம். அதிகாரி அதை மட்டும் பிடித்துக்கொண்டார். "ஹொர சல்லி?"

"ஓம்! ஓம்! ஹொர சல்லி!" ஒருவழியாக விளங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் பாக்கியரத்தினம் தலையை ஆட்டினார்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள்.

போலிக் காசை ஒழிக்கவென்றே பிறந்த மனிதர், கள்ளக்காசு அடித்த குற்றத்துக்காக, முட்டை மணக்கும் சாரத்தோடு, பக்கத்து வீட்டாரெல்லாம் பார்த்து நிற்க ஜீப்பில் ஒரு காலை வைத்தார். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. முட்டைமேல், சிங்களத்தின்மேல், தமிழின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஸைனுலாப்தீன்மேல்.

அந்த ஸைனுலாப்தீன்தான் கடையை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு, கையில் அளவுநாடாவோடு ஓடிவந்தார். குணேஸ்வரி முற்றத்து வேலி ஓட்டையால் புகுந்து போய்ச் சொல்லியிருந்தார். அதிகாரியோடு தண்ணிபட்ட பாடான சிங்களத்தில் கால்மணித்தியாலம் கதைத்தார். சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். சின்னச் சிப்பாயும் சிரித்தான். கடைசியில் அதிகாரி காசைக் கைக்குட்டையால் எடுத்து, பாக்கியரத்தினத்தின் உள்ளங்கையில் வைத்து, "பிஸ்ஸு" என்று சொல்லிவிட்டுப் போனார். விசர், பைத்தியம் என்பதற்கு எல்லா மொழியிலும் ஒரே முகம்தான்.

"என்ன சொன்னீர் அவங்களுக்கு?"

"சேர் நாணயமான ஆள், நாணயம் சேர்க்கிற சங்கத்தில செக்கரட்டரி எண்டு சொன்னன்." ஸைனுலாப்தீன் வியர்வையைத் துடைத்தார். "சரியாக் கஷ்டப்பட்டுப் போனன். நாணயமெண்டா எங்களுக்குக் காசும் அதுதான், நேர்மையும் அதுதான். அவங்கட பாசையில அது ரெண்டு சொல்லு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு அந்த மாத்தையா கேட்டார். சிரிச்சுச் சமாளிச்சன்."

பாக்கியரத்தினம் நன்றி சொல்லவில்லை. எதிரியின் கையால் காப்பாற்றப்பட்டவனுக்கு வருகிற கோபத்துக்கு ஈடு கிடையாது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு வாரும்" என்றார்.

அன்று பின்னேரம்தான் உள்ளங்கையில் கிடந்ததை வெளிச்சத்தில் பார்த்தார். விளிம்பில் நீலம். உள்ளே ஊதா. நடுவில் பொன். குறித்த நேரத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம் முன்னதாக ஆமி திறந்ததால் காசு கறுக்காமல் தப்பி, அந்த நிறத்திலேயே நின்றிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே நால்வர், அதே இருக்கைகள். குசினி வாசல் மட்டும் வெறுமை. கிளிவெட்டியிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தமக்கையைப் பார்க்கக் குணேஸ்வரி விடியவே போயிருந்தார்.

மேசையில் மூன்று காசுகள். பாக்கியரத்தினம் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஞானசேகரம் பூதக்கண்ணாடியை மூன்றிலும் மாறிமாறி வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அச்சாவா வந்திருக்குது."

"பாத்தீரே! ஒண்டரை நாள்! மூண்டு முட்டை! இனி என்ன சொல்லப் போறார் எண்டு கேளும்."

"ஓம்" என்றார் ஞானசேகரம். "ஆனா, பாக்கியம், ஒரு விசயம். இந்த முட்டைக்காசு நானாட காசைப்போல இல்லை."

"பின்னே?"

"உம்மட காசைப்போல இருக்குது."

யோகலிங்கம் ஸ்டூலின் நுனிக்கு வந்தான்.

"நான் சும்மா கேக்கிறன்" என்று ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்டரை நாளில இப்பிடி ஏத்தத் தெரிஞ்ச கை. அப்ப உம்மட காசும்..."

பாக்கியரத்தினம் மேசையில் அடித்த அடியில் விக்டோரியா மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள். "எங்கட ஐயா! கரி சுமந்து! முதல் சம்பளம்! அவற்ற வெத்திலைப் பெட்டிக்குள்ள நாப்பது வருசம்! அதுக்குப் பிறகு என்ட அலுமாரிக்குள்ள! வேற ஒரு கை படேல்ல! என்னைப் பாத்து, ஞானம், என்னைப் பாத்து...!"

"கத்தாதையும். ஊரில இப்பவே உம்மை முட்டைக்காசுச் சேர் எண்டுதான் சொல்லுறாங்கள்."

"ஆர் சொல்லுறான்?"

யோகலிங்கம் நிலத்தைப் பார்த்தான்.

"ஒரேயொரு வழிதான்" என்றார் தலைவர். "உம்மட காசையும் நானாட காசையும் கொழும்புக்கு அனுப்புவம். கண்காட்சிக் குழுவில ஆய்வாளர் இருக்கிறார். மருந்தில தோய்ச்சுப் பாத்து, எது இயற்கை, எது முட்டை எண்டு எழுத்தில தருவார். யோகலிங்கம் இண்டைக்கு ஒரு மணி பஸ்ஸில மருந்தெடுக்கக் கொழும்புக்குத்தானே போறான்?"

"அனுப்புவம்! இப்பவே அனுப்புவம்!"

"வேண்டாம், சேர்."

எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். ஸைனுலாப்தீன் எழுந்து நின்றார்.

"ரெண்டையும் அனுப்ப வேண்டாம். என்ட காசு... நான் செஞ்சதுதான்."

"என்ன?"

"முட்டையில வச்சனான். நான்தான் ஏத்தினது. பிழை என்டதுதான். அப்பிடியே எழுதுங்க. சேர்ர காசு சுத்தமான காசு. அதை ஒருத்தரும் சோதிக்கத் தேவையில்ல. அது அலுமாரியிலயே இருக்கட்டும்." தன் காசை எடுத்துப் பஞ்சில் சுற்றினார். "என்னைச் சங்கத்தில இருந்து எடுத்துப்போடுங்க. நான் வாறன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருதரம் திரும்பினார். "குணேஸ்வரி அக்காக்கு நான் போனதாச் சொல்லுங்க" என்றுவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

"எனக்கு இது பிடிபடேல்ல" என்று ஞானசேகரம் முணுமுணுத்தார்.

பாக்கியரத்தினத்துக்கு நன்றாகவே பிடிபட்டது. பதினொரு பக்கக் கட்டுரை வென்றுவிட்டது. ஆனால் வென்றதும் அவர் கோபம் இறங்கவில்லை. ஒரு கள்ளன் தன்னைக் காப்பாற்றினான், ஒரு கள்ளன் தன் காசுக்கு நற்சாட்சி சொல்லிவிட்டுப் போகிறான், அவன் சொல்லித்தான் தன் காசு சுத்தமாக வேண்டுமா? முட்டைக்காசுச் சேர் என்ற பெயரை அவன் வாயா துடைப்பது? அலுமாரியை வெடுக்கெனத் திறந்து கடதாசிக் கட்டை எடுத்தார். காபன் தாள் வைத்தார். யோகலிங்கத்தை அசையவிடாமல் ஸ்டூலிலேயே இருத்தி வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் எழுதினார். ஞானசேகரம் கையெழுத்து வைக்க மறுத்து, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனார்.

எழுதி முடித்த கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். தன் காசைப் பஞ்சில் வைத்து, மட்டைக்குள் வைத்து, கடிதத்தோடு உறைக்குள் இட்டார். மெழுகுதிரியில் அரக்கை உருக்கி ஐந்து இடத்தில் ஊற்றி, சங்கத்தின் முத்திரையை அழுத்தினார். அழுத்தும்போது பெருவிரல் சுட்டது. அந்தக் கோபத்தையும் முத்திரையில் காட்டினார்.

"கையிலதான் குடுக்கவேணும். பற்றுச்சீட்டு வாங்கவேணும்."

"ஓம் அண்ணை."

"மடியில வச்சிரு. சோதனைச் சாவடியில கேட்டா என்ன சொல்லுவாய்?"

"ஹொர சல்லி எண்டு சொல்லமாட்டன், அண்ணை" என்று சொல்லிவிட்டு, அடி விழுமுன் யோகலிங்கம் சைக்கிளில் ஏறினான்.

அவன் சைக்கிள் சந்தியில் திரும்பி மறைந்த அதே நேரம் குணேஸ்வரி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கரியர்.

"யோகலிங்கம் என்ன இவ்வளவு பறப்பில போறான்? மிதிச்ச மிதியில என்னைத் தட்டப் பாத்தான்."

"பஸ் பிடிக்கப் போறான். கொழும்புக்குக் கடிதம் போகுது." பாக்கியரத்தினம் காபன் பிரதியை நீட்டிப் பிடித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் குரலில் ஒரு தணிவு இருந்தது. "இரும். வாசிக்கிறன், கேளும். 'பொருள்: செயற்கை நிறமூட்டல் குறித்த முறைப்பாடு. ஐயா, எமது பொருளாளர் ஸைனுலாப்தீன் என்பவர், தமது 1893ஆம் ஆண்டு ஐம்பது சதக் காசுக்கு முட்டை கொண்டு தாமே நிறமேற்றியதாக இன்று எமது முன்னிலையில் ஒப்புக்கொண்டார்...'"

"ஒப்புக்கொண்டாரோ?" கரியரைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. "ஆர்? நானாவோ?"

"குறுக்க பேசாதையும். 'இவரைச் சங்கத்திலிருந்து நீக்கியுள்ளேன். இத்துடன் எனது தகப்பனாரின் காசை இணைத்துள்ளேன். இதனை எந்த மருந்திலும் தோய்த்துச் சோதிக்கலாம். இதன் நிறத்தில் முட்டையின் சாயல் கடுகளவேனும் காணப்படின், என்னையும் நீக்கி, நாணயமற்றவன் என எனது பெயரைச் சகல சங்கங்களுக்கும் அறிவிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.' எப்பிடி?"

குணேஸ்வரி கரியரைப் படியில் வைத்தார். சந்திப் பக்கம் பார்த்தார். வீதியில் சைக்கிள் இல்லை, புழுதிதான் நின்றது.

"அவனைக் கூப்பிடுங்கோ."

"ஏன்? போயிட்டான். ஒரு மணி பஸ்."

"கூப்பிடச் சொல்லுறனெல்லே!" பிறகு, முப்பது வருடத்தில் ஒருபோதும் இப்படிக் கத்தாத அந்த மனுசி, கனகம்மாக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்படி கத்தினார். "உங்கட ஐயாட காசு நானாட்டத்தான் கிடக்குது! தொண்ணூறாம் ஆண்டு அகதி முகாமில நீங்கள் நெருப்புக்காய்ச்சலில நினைவில்லாமக் கிடக்கேக்க, மருந்துக்கு நான்தான் அவரிட்டக் குடுத்தனான், சொல்லமாட்டன் எண்டு வாக்குத் தந்தார். நீங்கள் இப்ப முத்திரை குத்தி அனுப்பினது, அதுக்குப் பதிலா அவர் தந்த, அதே வருசத்து நிறமேறாத வெள்ளைக் காசை உங்கட பதினொரு பக்கக் கட்டுரையில இருந்தபடி நான் முட்டையில வச்சு எடுத்தது!"